ரோபோக்களைப் பந்தி விசாரித்தவர்

உலகத்திலேயே ஒரு இயந்திரத்தைப் பார்த்து "சாப்டீங்களா?" என்று கேட்ட முதல் ஆள் எங்கள் பந்தி அண்ணன்தான். எந்த மேடையில் வேண்டுமானாலும் ஏறி இதைச் சொல்வேன். அமெரிக்காவிலோ ஜப்பானிலோ யாராவது அவருக்கு முன்னால் கேட்டிருக்கிறார்கள் என்று நிரூபித்துவிட்டால், இத்தனை வருடமாக வளர்த்த மீசையை எடுத்துவிடுகிறேன்.

இயந்திரம் என்றால் மாவரைக்கிற மெஷின் இல்லை. இணையத்தில் நாலு பேர் கூடிப் பேசுகிற இடத்தில் எல்லாம் நுழைந்து, கடிகாரம் வாங்கு, மாத்திரை வாங்கு, இங்கே அமுக்கு என்று விளம்பரத்தை இறைத்துவிட்டுப் போகிற கண்ணுக்குத் தெரியாத ரோபோ. ஸ்பாம்பாட் என்பார்கள். பின்னால் ஆள் கிடையாது, வெறும் புரோகிராம். ஒரே நாளில் நூறு பெயரில் நூறு தடவை வரும். ஊர் உலகத்தில் எல்லாரும் அதைக் கண்டால் அழிப்பார்கள். பந்தி அண்ணன் விசாரிப்பார்.

அப்போது நான் வில்லாபுரத்தில் ஒரு அச்சகத்தில் இருந்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பது என் வேலை. வேலை இல்லாத நேரத்தில், அதாவது முதலாளி இல்லாத நேரத்தில், 'வெயிலூர் மன்றம்' என்று ஒரு இணைய அரட்டை மன்றம் நடத்திக்கொண்டிருந்தேன். முகநூல், வாட்ஸ்அப் எல்லாம் நம் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். அவனியாபுரம் ஜல்லிக்கட்டில் எந்த மாடு பிடிபட்டது, எந்தக் கடைச் சால்னா தண்ணியாகிவிட்டது, எந்தப் பக்கம் மழை பெய்தது என்று உள்ளூர்க்காரர்களும் வெளிநாட்டில் இருக்கும் நம்மூர்க்காரர்களும் அங்கே வந்து அடித்துக்கொள்வார்கள். நிர்வாகி நான். அந்தப் பதவியின் மிதப்பு எனக்கு இருந்தது, மறைப்பானேன்.

ஒரு நாள் மன்றத்தைத் திறந்தால், புது உறுப்பினர் ஒருவர் வந்து நாற்பத்தேழு இடத்தில் ஒரே மாதிரி எழுதி வைத்திருக்கிறார். "வணக்கம். வாங்க. எல்லாரும் சௌக்கியமா? சாப்டீங்களா?" ஜல்லிக்கட்டுச் சண்டைக்கு நடுவிலும் அதேதான், ஒருவர் அப்பாவை இழந்து எழுதிய பதிவுக்குக் கீழேயும் அதேதான். ஆகா, தமிழில் பேசுகிற ரோபோ வந்துவிட்டது என்று நினைத்தேன். பெயரைத் தடை செய்து நாற்பத்தேழையும் ஒரே அமுக்கில் அழித்துவிட்டு, ஒரு ரோபோவை விரட்டியாயிற்று என்று மன்றத்தில் அறிவித்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

மறுநாள் காலை அச்சகத்துக்கு ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், தோளில் துண்டு. பார்த்தால் பெண்ணின் பெரியப்பா மாதிரி இருந்தார். பத்திரிகை அடிக்க வந்திருக்கிறார் என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"வெயிலூர் மன்றம் நடத்துறது நீங்கதேனா தம்பி?"

"ஆமாண்ணே."

"நேத்து ஒரு ரோபோவ வெரட்டி விட்டீகளாம்ல. நாந்தேன் அது."

துடைத்த நாற்காலியையே நான் மறுபடி துடைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "வந்த எடத்துல எல்லாரையும் ஒரு வார்த்தை விசாரிக்க வேணாமா? ஒரு எலையில நின்னு விசாரிச்சுட்டு அடுத்த எலைய விட்டா நல்லாருக்காதுல்ல. அதேன் எல்லா எடத்துலயும் சொன்னேன்."

அவர் பக்கத்துத் தெருக் கல்யாண மண்டபத்தின் மேனேஜர். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற குடும்பம், வெளியே வந்தால் சுத்தமான மதுரைத் தமிழ். மண்டபத்தில் விளக்கு எரிகிறதா, தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதோடு அவர் வேலை முடிந்திருக்க வேண்டும். ஆனால் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய், வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொரு இலை முன்னாலும் குனிந்து, "ரசம் வந்துச்சா? பாயாசம் வந்துச்சா? மெதுவாச் சாப்பிடுங்க" என்று விசாரித்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை வீட்டார் என்று நினைப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் அவரைப் பெண் வீட்டார் என்று நினைப்பார்கள். இரண்டு வீட்டாரும் மரியாதை செய்வார்கள். அதனால்தான் பந்தி என்று பெயர் வந்தது. சொந்தப் பெயர் அவர் வீட்டு ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

மண்டபத்து ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் காலி. மற்ற மாதங்களிலும் மதியப் பந்தி முடிந்து மாலை ரிசப்ஷன் தொடங்கும்வரை சும்மாதான் இருப்பார். அந்த நேரத்தில் மன்றத்துக்கு ஆள் தேவைப்பட்டது. அவமானப்படுத்தியதற்குப் பரிகாரமாக அவரையே துணை நிர்வாகி ஆக்கினேன். ரோபோக்களை விரட்டுவது அவர் பொறுப்பு.

விரட்டச் சொன்னால் அவர் என்ன செய்தார்? பதில் போட ஆரம்பித்தார்.

வெளிநாட்டுக் கைக்கடிகாரம் விற்க வந்த ரோபோவுக்கு எழுதினார்: "கடிகாரம் இருக்குங்க. மச்சினன் குடுத்தது. நல்லாத்தேன் ஓடுது. நீங்க எந்த ஊரு? சாப்டீங்களா?" உடம்பு இளைக்க மாத்திரை விற்க வந்த ரோபோவுக்கு: "நான் கல்யாண மண்டபத்துல இருக்கேன். நான் இளைச்சா மண்டபத்துச் சாப்பாட்டு மேல சனங்களுக்கு நம்பிக்கை போயிரும். மன்னிக்கணும்." கணவரை இழந்துவிட்டேன், அவர் சொத்தைப் பெற உதவுங்கள் என்று ஒரு வெளிநாட்டுச் சீமாட்டி பெயரில் வந்த ரோபோவுக்கு இரண்டு பத்தி துக்கம் விசாரித்துவிட்டு, "கருமாதி எல்லாம் நல்லபடியா முடிஞ்சதா?" என்று கேட்டிருந்தார்.

"அண்ணே, அது மெஷின்ணே. அதுக்குப் புருஷனும் இல்ல, கருமாதியும் இல்ல."

"தெரியும் தம்பி. ஆனா நூத்துல ஒண்ணு நெசமா இருந்துட்டா?"

"ஆயிரத்துல ஒண்ணுகூட இருக்காது."

"அப்ப ஆயிரத்தி ஒண்ணாவதப் பாப்போம்."

அவருக்குக் கோபமே வராது என்று சொல்லமாட்டேன். ஒரே ரோபோ ஒரே மாத்திரையைப் பதினெட்டுத் தடவை கூவி விற்றால் அவருக்கும் சுருக்கென்று வரும். அப்போது சௌராஷ்டிரத்தில் திட்டி எழுதுவார். ஏனண்ணே என்று கேட்டதற்கு, "நம்ம ஆத்திரமும் தீரும், அதுக்கும் வெளங்காது. மனசு நோகாதுல்ல" என்றார். மாத்திரை விற்கும் ரோபோவின் மனசு.

விளங்காத விவகாரம் எல்லை மீறிப் போனபோது நான் ஒரு யோசனை சொன்னேன். உறுப்பினராகச் சேரும்போதே ஒரு கேள்வி வைப்போம், மனுஷனுக்கு விடை தெரியும், ரோபோவுக்குத் தெரியாது. பந்தி அண்ணன் உற்சாகமாகிவிட்டார். கேள்வியை அவரே எழுதினார்: "பந்தியில் இலை போட்டதும் முதலில் வைப்பது என்ன?"

ரோபோக்கள் அன்றே நின்றன. ஒன்றுகூட உள்ளே வரவில்லை. அடடா என்று இருவரும் கைகொடுத்துக்கொண்டோம். நாலு நாள் கழித்துத்தான் மனுஷரும் ஒருத்தர்கூட வரவில்லை என்பது தெரிந்தது. பந்தி அண்ணன் விடையாக 'இனிப்பு' என்று வைத்திருந்தார். உப்பு என்று எழுதியவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. ஊறுகாய் என்று எழுதியவர்களுக்கும் திறக்கவில்லை. முதல் வேலை தண்ணீர் தெளிப்பதுதான் என்று சிங்கப்பூரிலிருந்து ஒருவர் எனக்கு மெயிலில் மூன்று பக்கம் எழுதினார். ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள் உப்பா இனிப்பா என்று கட்சி பிரிந்து, ஜல்லிக்கட்டுச் சண்டையே பரவாயில்லை என்னும்படி ஆக்கிவிட்டார்கள். கேள்வியை எடுத்தேன். ரோபோக்கள் திரும்பி வந்தன. அவர்களைப் பார்த்ததும் பந்தி அண்ணன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது, பொய் சொல்லவில்லை.

பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். சந்தேகமான பதிவை அழிப்பதற்குப் பதிலாக, எங்கள் இருவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிற ஒரு பூட்டிய அறைக்கு நகர்த்திவிடுவார். அந்த அறைக்கு 'ரெண்டாம் பந்தி' என்று பெயர். "மொதப் பந்தியில எடமில்லைன்னு சொல்லலாம் தம்பி. சோறே இல்லைன்னு சொல்லக் கூடாது." அவர் கண்ணில் படுவதற்கு முன்னால் என் கண்ணில் பட்டால் நான் அழித்துவிடுவேன். என் கண்ணில் படுவதற்கு முன்னால் அவர் நகர்த்திவிடுவார். மாமியார் மருமகள் ஒரே அடுப்படியில் புழங்குவது போல இப்படி ஓடிக்கொண்டிருந்தது.

இதற்கெல்லாம் ஒரு காரணம் இருந்தது. அதை அவர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். நான் கேலி செய்து செய்து எல்லை தாண்டிய ஒரு மதியம், மண்டபத்தின் காலியான சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொன்னார்.

மண்டபத்துக்கு வந்த புதிதில் அவர் பெயர் போனது விசாரிப்புக்கு அல்ல, விரட்டுவதற்கு. அழைக்காமல் வந்து சாப்பிடுகிற ஆட்களைக் கூட்டத்தில் சரியாகக் கண்டுபிடிப்பார். "பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று ஒரே கேள்வி. திருதிருவென்று விழித்தால் எழுப்பிவிடுவார். ஒரு முகூர்த்தத்தன்று காலை டிபன் பந்தியில், கடைசி வரிசையில், அழுக்குச் சட்டையோடு ஒரு ஆள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். யாரோடும் பேசவில்லை. அண்ணன் போய்க் கேட்டார்: "பத்திரிகை வந்துச்சா உங்களுக்கு?" அந்த ஆள் "இல்ல" என்றார். "அப்ப எந்திரிங்க." அவர் எழுந்தார். இலையில் விழுந்த பொங்கலை அப்படியே விட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

அரை மணி நேரம் கழித்து மணமேடையிலிருந்து ஆள் ஓடி வந்தது. பெண் அழுகிறாள். "எங்க மாமா வந்தாராம்ல, எங்க?" பெண்ணின் தாய்மாமன். வருடக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லை, அதனால் பத்திரிகை வைக்கவில்லை. யார் மூலமோ கேள்விப்பட்டு, லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த இடத்திலிருந்து மாற்றுச் சட்டைகூட இல்லாமல் வந்திருக்கிறார். சாப்பிட்டுவிட்டு, தைரியம் வந்ததும் மேடைக்குப் போகலாம் என்று உட்கார்ந்திருக்கிறார்.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடினேன் தம்பி. ஆள் கெடைக்கல. மாமன் இல்லாமத்தேன் தாலி கட்டுனாக." அண்ணன் மேஜையில் விரலால் கோடு போட்டுக்கொண்டே இருந்தார். "நெசத்தச் சொன்னாருல்ல அந்த மனுசன். பத்திரிகை வரலன்னு நெசத்தச் சொன்னதுக்குத்தேன் எந்திரிக்கச் சொன்னேன். அதுலருந்து எலையில உக்காந்த யாரையும் நான் எழுப்புறதில்ல."

அன்றைக்குப் பிறகு நான் கேலி செய்வதைக் குறைத்தேன். நிறுத்தினேன் என்று சொல்ல முடியாது.

அந்த ஐப்பசியில் மன்றத்துக்கு ஆபத்து வந்தது. மன்றம் ஓடியது ஓசி இடத்தில். இடம் கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனி எச்சரிக்கை அனுப்பியது: உங்கள் தளத்தில் குப்பை மிகுந்துவிட்டது, பத்து நாளில் சுத்தம் செய்யாவிட்டால் மூடிவிடுவோம். ரெண்டாம் பந்தியைப் போய்ப் பார்த்தேன். ஆயிரத்துக்கும் மேல் பதிவுகள். மொத்தமாக அழிக்க ஒரு பொத்தான் இருந்தது. விரலை வைத்துவிட்டேன். ஆனாலும் மரியாதைக்கு அண்ணனுக்கு ஒரு போன் போட்டேன்.

"ஒவ்வொண்ணாப் பாத்துட்டு அழிங்க தம்பி."

"ஆயிரம்ணே!"

"ஒரே நாள்ல ஆயிரத்தைந்நூறு எலை பாத்தவன் நான். எனக்கு ஒரு வாரம் குடுங்க."

தினமும் மதியம் இரண்டரை மணிக்கு உட்கார்ந்தார். மாலை தவில்காரர் வந்து தவிலைத் தட்டிப் பார்க்கும்வரை ஒவ்வொன்றாகப் படித்து அழித்தார். ஒரு வாரம் முடிந்த சனிக்கிழமை காலை, எட்டுத் தாள்களைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு அச்சகத்துக்கு வந்தார்.

"அம்புட்டையும் அழிச்சுட்டேன். இந்த எட்டுக்கு மட்டும் மனசு வரல."

வாங்கிப் பார்த்தேன். வாய்க்கு வராத எழுத்துகள். இங்கிலீஷ் சின்ன எழுத்து, பெரிய எழுத்து, நடுநடுவே அரைப்புள்ளி, அடைப்புக்குறி. இந்த ஆசாமியை எனக்கு நன்றாகத் தெரியும். நாலெழுத்தும் ஒரு எண்ணும் சேர்ந்த பெயரில் வருவான். நான் தடை செய்வேன். அடுத்த வாரம் எண்ணில் ஒன்று கூட்டிக்கொண்டு மறுபடி வருவான். இப்படி எட்டுப் பெயர்களைத் தடை செய்திருக்கிறேன். அசல் ரோபோ.

"இது ரோபோதாண்ணே. சந்தேகமே இல்ல."

"இருங்க தம்பி. விக்க வந்தவன் கையில சரக்கு இருக்கும்ல? இவன் கையில ஒண்ணுமில்ல. இங்க அமுக்கு, அங்க அமுக்குன்னு ஒரு எடத்துலயும் சொல்லல. மத்ததெல்லாம் கண்ட நேரத்துல வருது. இவன் வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் வாரான். நம்ம மண்டபத்துல பாதி மாப்பிள்ளை துபாய்லருந்துதேன வாராக, அங்க வெள்ளிக்கிழமைதேன் லீவு. அதுபோக எட்டுத் தடவையும் ஒரே எடத்துல வந்து நிக்கிறான். பேரையூர்ப் பக்கம் மழைன்னு யாரோ போட்டாகள்ல, அதுக்குக் கீழதேன். சாப்பாட்டுக்கு மட்டும் வந்தவன் எந்த வரிசையிலயும் உக்காருவான் தம்பி. ஒரே வரிசைக்குத் திரும்பத் திரும்ப வாரான்னா அவன் யாரையோ தேடி வாரான்."

கடைசி வரியை விரலால் தொட்டுக் காட்டினார். "எட்டுலயும் கடைசி வரி ஒண்ணு போலருக்கு. கையெழுத்து மாதிரி."

அப்போதுதான் நான் அந்தத் தாளை உருப்படியாகப் பார்த்தேன். அரைப்புள்ளி. வரிக்கு வரி அரைப்புள்ளி.

இப்போது யூனிகோட் வந்துவிட்டதால் எல்லாக் கம்ப்யூட்டரிலும் தமிழ் தமிழாகத் தெரிகிறது. அன்றைக்கு அது பாதிதான் வந்திருந்தது. பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்ததை, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரிலோ எங்கள் மன்றம் மாதிரி யூனிகோட் பக்கத்திலோ திறந்தால் இப்படித்தான் கன்னாபின்னாவென்று இங்கிலீஷாகத் தெரியும். இங்கிலீஷ் அரைப்புள்ளிதான் அங்கே தமிழ்ப் புள்ளி. இது யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வயிற்றுப்பாட்டுக்கு நான் தினமும் பத்திரிகை அடிப்பதே அந்த எழுத்துருவில்தான். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிட்டு, 'எழுத்தெல்லாம் கெட்டுப்போச்சு' என்று வாரத்துக்கு ஒருவர் என்னிடம் வந்து நிற்பார். எட்டு வாரமாக நான் அவன் எழுதியதைப் பார்க்கவே இல்லை. பார்க்காமலே அழிக்கத் தெரிந்தவன் நான்.

ரெண்டாம் பந்தியைத் திறந்து, முதல் பதிவை எடுத்து, பத்திரிகை அடிக்கிற பக்கத்தில் ஒட்டி, எழுத்துருவை மாற்றினேன். தமிழ் எழுந்து உட்கார்ந்தது.

"வணக்கம். பேரையூர்ப் பக்கம் மழை என்று மன்றத்தில் பார்த்தேன். எங்க ஊர்க் கண்மாய்க்குத் தண்ணி வந்திருச்சா? அப்பாவுக்குப் போன் போட்டா எல்லாம் நல்லாருக்கு, நீ அங்கயே இருன்னு சொல்றாரு. நல்லாருந்தா ஏன் இங்கயே இருக்கச் சொல்றாரு? அந்தப் பக்கம் போறவங்க பாத்துச் சொல்லுங்க. இப்படிக்கு முத்துப்பாண்டி." பேரையூரைத் தாண்டி ஒரு சின்ன ஊரின் பெயர் கீழே இருந்தது.

மூன்றாவது வாரம்: "போன வாரம் எழுதினதைக் காணோம். எனக்குக் கம்ப்யூட்டர் புதுசு. நான்தான் தப்பா அமுக்கியிருப்பேன்." ஆறாவது வாரம்: "என் பேரை எடுத்துர்றீங்க போல. வேற பேர்ல வந்திருக்கேன்." எட்டாவது, முந்தின நாள் வெள்ளிக்கிழமை வந்தது: "நான் எழுதினதுல யார் மனசாவது நொந்திருந்தா மன்னிக்கணும். தண்ணி வந்துச்சான்னு தெரிஞ்சாப் போதும்னுதான் கேட்டேன். இனிமே எழுதித் தொந்தரவு பண்ண மாட்டேன். இப்படிக்கு முத்துப்பாண்டி."

அவன் உட்கார்ந்த பிரவுசிங் சென்டரில் எல்லாவற்றையும் அந்த எழுத்துருவிலேயே காட்டும்படி வைத்திருப்பார்கள். அவன் கண்ணுக்கு எல்லாம் சுத்தத் தமிழாகத் தெரிந்திருக்கும். தான் கேட்பது எங்களுக்குப் புரியவில்லை என்று அவனுக்கு எப்படித் தெரியும்? கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டோம் என்று நினைத்திருக்கிறான்.

நான் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "திங்கக்கிழமை மண்டபம் காலி. போயிட்டு வந்துருவோம்" என்றார்.

அவன் பதிந்திருந்த மெயில் முகவரிக்கு எழுதினோம், அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. எட்டுத் தடையையும் நீக்கினேன். திங்கட்கிழமை மண்டபத்து வீடியோக்காரரிடம் டிஜிட்டல் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு, திருமங்கலம், கல்லுப்பட்டி வழியாகப் பேரையூர் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் அந்த ஊருக்குப் போனோம். கண்மாயில் முக்கால்வாசித் தண்ணீர் நின்றது. நான் கரையிலிருந்து நாலு படம் எடுத்தேன். அண்ணனுக்குத் திருப்தி இல்லை.

"வெறும் தண்ணியப் போட்டா ஆழம் தெரியாது தம்பி. வாரேன் இருங்க." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மடைப் பக்கமாக இறங்கினார். முழங்கால் வந்தது. இன்னும் இரண்டு எட்டு வைத்தார், தொடை வந்தது. வெள்ளைச் சட்டையும் சந்தனமுமாகக் கண்மாய்க்குள் நின்று, ஒரு கையைத் தூக்கி, "எடுங்க!" என்றார். மண்டப வாசலில் பன்னீர் தெளிக்க நிற்பது போலவே நின்றார்.

முத்துப்பாண்டியின் அப்பா வயலில் நடவு வேலையில் இருந்தார். கல்யாண மண்டபத்து மேனேஜர் என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்து, சேற்றுக் கையோடு வரப்புக்கு ஓடி வந்தார். "மாப்பிள்ளை கேட்டு வந்திருக்கீகளா?"

விஷயத்தைச் சொன்னோம். அவர் கைச்சேற்றை வரப்பில் வழித்துப் போட்டார். பிறகு சொன்னார்: "தண்ணி வந்துருச்சுன்னு சொன்னா வேலைய விட்டுட்டு ஓடியாந்துருவான்யா. முன்ன ரெண்டு தடவ அப்பிடித்தேன் வந்தான். மறு வருசமே கண்மா காஞ்சு போயி, அழுதுக்கிட்டே திரும்பப் போனான். அதேன் சொல்லல."

திரும்பி வருகிற பேருந்தில் நான் கேட்டேன். "இப்ப என்னண்ணே பண்றது? படத்தப் போட்டா அவன் வந்துருவானே."

அண்ணன் கேமராவை வாங்கி, கண்மாய்ப் படத்தை இன்னொரு தடவை பார்த்தார். "வாரதும் வராததும் அவன் இஷ்டம். எட்டு வாட்டி கேட்டுருக்கான். கேட்டவனுக்கு நெசத்தச் சொல்லணும். அப்பா ஏன் சொல்லலைங்கிறதையும் சேத்துச் சொல்லிருவோம்."

அன்றே படத்தைப் போட்டோம். கீழே பதிலையும் எழுதினோம். அவனுக்குத் தெரியாமல் போய்விடக் கூடாது என்று அண்ணன் சொன்னதால் யூனிகோடில் ஒரு தடவையும் அவனுடைய எழுத்துருவில் ஒரு தடவையும் போட்டேன். மறுநாள் காலை ஐந்து உறுப்பினர்கள் புகார் செய்திருந்தார்கள்: 'நிர்வாகியின் பெயரில் ரோபோ புகுந்துவிட்டது, உடனே தடை செய்யவும்.'

கம்பெனி மன்றத்தை மூடவில்லை. குப்பை போயிருந்ததால் விட்டுவிட்டார்கள். அது எனக்குப் பெரிதாகவே படவில்லை என்பதுதான் ஆச்சரியம். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரைக்கு அண்ணனோடு மண்டபத்து ஆபீஸில் உட்கார்ந்தேன். மூன்று ஆயிற்று, நாலு ஆயிற்று. ஒரு ரோபோ வந்து மாத்திரை விற்றது. அண்ணன் முதல் தடவையாக அதற்குப் பதில் எழுதாமல் அழித்தார். எனக்கு அதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

"எழுத மாட்டேன்னுதானண்ணே சொன்னான். படிக்க மாட்டேன்னு சொல்லலையே" என்றேன்.

"அதுவும் சரிதேன்" என்றார். குரலில் தெம்பு இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை. இரண்டே முக்கால். நாலெழுத்துக்காரன் வந்தான். அதே சின்ன எழுத்து, பெரிய எழுத்து, அதே அரைப்புள்ளிகள். அச்சகத்தில் இருந்த நான் அதை அப்படியே எடுத்து ஒட்டி, எழுத்துருவை மாற்றி, ஒரு தாளில் அச்சடித்து, செருப்புப் போட மறந்து மண்டபத்துக்கு ஓடினேன். நல்ல வெயில். அன்று அங்கே வளைகாப்பு, அண்ணன் சாப்பாட்டுக் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். இலைகளுக்கு நடுவில் நின்றே வாசித்தேன்.

"படம் பாத்தேன். எங்க கண்மாய்தான். அப்பா சொன்னதும் புரிஞ்சிச்சு. இந்தத் தடவ அவசரப்பட மாட்டேன், ஒப்பந்தம் முடிஞ்சே வாரேன். ஒண்ணு கேக்கணும். தண்ணிக்குள்ள நிக்கிற அந்தப் பெரியவர் யாரு? அந்த மடைக்கிட்டப் பாசி ரொம்ப வழுக்கும். பாத்து நிக்கச் சொல்லுங்க. பத்திரமா ஏறிட்டாருல்ல?"

அண்ணன் தாளை வாங்கி அவரே ஒரு தடவை படித்தார். மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நம்மள விசாரிக்கிறான் தம்பி" என்றார். "நடுக்கடலுக்கு அங்கிட்டு இருந்துக்கிட்டு, நான் கரையேறிட்டேனான்னு விசாரிக்கிறான்."

பக்கத்து இலையில் ஒரு அம்மா ரசம் கேட்டுக் கையை நீட்டினார். அண்ணன் கவனிக்கவில்லை. அவர் ஒரு இலையைக் கவனிக்காமல் விட்டு நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். "அந்த மாமனத் தேடி ஓடினேன்னு சொன்னேன்ல. இம்புட்டு வருசமும் ஓடிக்கிட்டுத்தேன் இருந்திருக்கேன் போல. இப்பத்தேன் நின்னு மூச்சு வாங்குது" என்று சொல்லிவிட்டு, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரசவாளியை அவரே தூக்கினார்.

மன்றம் இப்போது இல்லை. எல்லாரும் செல்போனுக்குள் போய்விட்டார்கள். கடைசியில் ரோபோக்கள் மட்டும்தான் வந்துகொண்டிருந்தன, அவற்றை விசாரிக்க அண்ணன் மட்டும்தான் இருந்தார். அவரும் மண்டப வேலையை விட்டுவிட்டுக் கோயம்புத்தூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். தண்ணீருக்குள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற அந்தப் படம் என் மேஜைக்கு எதிரே மாட்டியிருக்கிறது. பார்க்கிறவர்கள் உங்கள் அப்பாவா என்று கேட்பார்கள். சில சமயம் ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

இன்றும் வாரத்துக்கு ஒரு நாள் மதியம் மூன்று மணி சுமாருக்கு அவரிடமிருந்து போன் வரும். எடுத்ததும் முதல் கேள்வி, "சாப்டீங்களா தம்பி?" அந்நேரத்துக்கு நான் சாப்பிட்டு, டீயும் குடித்து முடித்திருப்பேன். ஆனாலும் "இன்னும் இல்லண்ணே" என்றுதான் சொல்கிறேன். அப்படிச் சொன்னால்தான் கூடக் கொஞ்ச நேரம் வைவார்.